உஷார்! திருச்சிக்குப் பறக்கிறவருக்கு மைல் அட்டை எதற்கு?

கையெழுத்துப் போடாதீர்கள். குறைந்தது இன்றைக்கு வேண்டாம்.

ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை நெருங்குகிறது என்றால் சுவா சூ காங் எம்ஆர்டி வாசலிலோ, லாட் ஒன் போன்ற கடைத்தொகுதி நடைவழியிலோ ஒரு மடக்கு மேசை முளைத்துவிடும். பக்கத்தில் சக்கரம் வைத்த பயணப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். கழுத்தில் பெயரட்டை தொங்க, கையில் டேப்லெட்டோடு ஓர் இளைஞர் நிற்பார். "அக்கா, டிசம்பர்ல ஊருக்குப் போறீங்களா? இந்தக் கார்டு எடுத்தா டிக்கெட் ஃப்ரீ. சிங்பாஸ்ல தட்டுனா ரெண்டே நிமிஷம். பெட்டியும் உங்களுக்குத்தான்."

ரெண்டு நிமிஷம் என்பது சத்தியம். மைஇன்ஃபோ உங்கள் பெயர், முகவரி, மத்திய சேமநிதிக் கணக்கு, வருமானம் எல்லாவற்றையும் தானே நிரப்பிவிடும். நீங்கள் விரலை வைப்பது மட்டும்தான் பாக்கி. டிக்கெட் ஃப்ரீ என்பதுதான் உண்மையிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கிற பேச்சு.

பெட்டிக்கே நிபந்தனை உண்டு. "புது வாடிக்கையாளருக்கு மட்டும்" என்று பொடி எழுத்தில் இருக்கும். பெரும்பாலான வங்கிகளின் கணக்கில், கடந்த 12 மாதத்தில் அந்த வங்கியின் அட்டை எதுவும் உங்கள் பெயரில் இருந்திருக்கக் கூடாது. போன வருஷம் எடுத்துப் பாதியில் ரத்து செய்த பழைய அட்டை ஒன்று உங்களுக்கு மறந்திருக்கலாம், வங்கிக்கு மறக்காது. அட்டை வந்த நாளிலிருந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் குறிப்பிட்ட தொகையைச் செலவழித்தாக வேண்டும். சில சலுகைகளில் முதல் வருஷக் கட்டணத்தையும் கட்ட வேண்டியிருக்கும். அட்டையைச் சீக்கிரம் ரத்து செய்தால் பரிசின் விலையைத் திருப்பிப் பிடித்துக்கொள்வார்கள். ஐம்பது வெள்ளிப் பெட்டிக்காகத் தேவையில்லாத ஆயிரம் வெள்ளிச் செலவை இழுத்துப்போட்டுக்கொள்வது எந்த ஊர்க் கணக்கு?

சரி, அட்டைகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். நீங்கள் எங்கே, எந்த விமானத்தில், எப்போது பறக்கிறீர்கள்?

மைல் அட்டை என்றால் செலவுக்கு மைல் தரும் கடன்பற்று அட்டை, அந்த மைலைக் கொடுத்து விமான டிக்கெட் எடுக்கலாம். சிங்கப்பூரில் அப்படிச் சேர்க்கும் மைல் பெரும்பாலும் கடைசியில் போய்ச் சேரும் இடம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் (எஸ்ஐஏ) கிரிஸ்ஃபிளையர் கணக்கு. வேறு விமான நிறுவனங்களுக்கும் மாற்றலாம்தான், ஆனால் நம்மில் பலர் மாற்றுவது அதற்குத்தான். தமிழ்நாட்டில் எஸ்ஐஏ விமானம் இறங்குவது சென்னையில். கோவைக்கும் திருச்சிக்கும் ஸ்கூட். திருச்சிக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் இண்டிகோவும் உண்டு. தஞ்சாவூர், புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, அறந்தாங்கிப் பக்கத்துக்காரர்கள் எதில் போகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நள்ளிரவில் திருச்சியில் இறங்கி, வெளியே மாமா அனுப்பிய இன்னோவா காத்திருக்க, விடிவதற்குள் வீட்டு வாசலில் நிற்பவர்கள் அவர்கள். சென்னையில் இறங்கி இன்னொரு ராத்திரி பஸ் ஏற அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

இந்த இடத்தில்தான் மைல் அட்டை கையை விரிக்கிறது. எஸ்ஐஏ இருக்கும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில்தான் ஏர் இந்தியாவும் இருக்கிறது, அதனால் அதன் இருக்கையைக் கிரிஸ்ஃபிளையர் மைலால் எடுக்கலாம். ஆனால் திருச்சிக்குப் பறப்பது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அது அந்தக் கூட்டணியில் இல்லை. இண்டிகோவுக்கும் உங்கள் மைல் செல்லாது. ஸ்கூட்டில் மைலைக் கழிக்க வழி உண்டு, ஆனால் அப்படிக் கழித்தால் மைலின் மதிப்பு இறங்கிவிடும்.

"பரவாயில்லை, சென்னைக்கே போய்க்கொள்கிறோம்" என்பவர்களுக்கு அடுத்த அடி காத்திருக்கிறது. மைலில் எடுக்கும் டிக்கெட்டில் பிள்ளைக்கும் பெரியவருக்குச் சமமான மைல். மடியில் உட்காரும் கைக்குழந்தைக்கு மட்டும்தான் வேறு கணக்கு. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் போக நாலு, வர நாலு, ஆக எட்டு இருக்கை. குறைந்த மைலில் கிடைக்கும் "சேவர்" இருக்கை ஒரு விமானத்தில் கொஞ்சமே இருக்கும். அந்த நாலு ஒரே விமானத்தில், அதுவும் நவம்பர் மாதக் கடைசியில், நமக்கு மட்டுமா வேண்டும்? காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் தங்கைக்கு "இன்னும் கன்ஃபர்ம் ஆகல" என்று எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதிக மைல் கேட்கும் "அட்வான்டேஜ்" இருக்கைக்குப் போனால் இரண்டு வருஷச் சேமிப்பு இரண்டு பேருக்கே போதாது. இதற்கெல்லாம் மேல், மைலில் எடுத்த டிக்கெட்டுக்கும் விமான நிலைய வரியைக் காசாகக் கட்டியாக வேண்டும். சாங்கியிலிருந்து கிளம்பவே தலைக்கு 60 வெள்ளிக்கு மேல் ஆகிறது.

இப்போது காகிதத்தில் கணக்கைப் போடுவோம்.

சாதாரணச் செலவுக்கு டிபிஎஸ் ஆல்டிட்யூட் வெள்ளிக்கு 1.3 மைல், யூஓபி பிரிவி மைல்ஸ் 1.4, சிட்டி பிரிமியர்மைல்ஸ் 1.2 தருகின்றன. நடுவில் 1.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,500 வெள்ளி அட்டையில் தேய்க்கும் குடும்பத்துக்கு வருஷத்தில் 18,000 வெள்ளிக்கு 23,400 மைல் சேரும். இதே 18,000 வெள்ளியை 1.6 விழுக்காடு காசைத் திருப்பித் தரும் சாதாரண கேஷ்பேக் அட்டையில் போட்டால் கையில் 288 வெள்ளி. வகுத்துப் பாருங்கள். ஒரு மைலிலிருந்து 1.23 காசுக்கு மேல் பிழிந்தெடுத்தால்தான் மைல் அட்டைக்காரர் ஜெயிக்கிறார். பிசினஸ் வகுப்பில் லண்டனுக்கோ சிட்னிக்கோ போகிறவர் சுலபமாகப் பிழிவார். எகானமியில் சென்னைக்குப் போகிறவருக்கு அது இழுபறி. மைலைக் கடைப் பொருளாகவும் பற்றுச்சீட்டாகவும் மாற்றிக்கொள்கிறவருக்கு நஷ்டம். கேஷ்பேக்காக வந்த 288 வெள்ளியோ எந்த விமானத்திலும் செல்லும், தேக்காவில் மல்லிகைப்பூ வாங்கவும் செல்லும்.

"இல்லை, நான் எடுத்தது நாலு மைல் அட்டை" என்று சிலர் நெஞ்சை நிமிர்த்துவார்கள். அந்த நாலுதான் ஆபத்தான எண். சிட்டி ரிவார்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வாங்கும் பொருளுக்கு வெள்ளிக்கு நாலு மைல், உண்மைதான். மாதக் கணக்கில் முதல் ஆயிரம் வெள்ளியோடு அது நின்றுவிடும். அதற்கு மேல் வெள்ளிக்கு 0.4 மைல், பத்தில் ஒரு பங்கு. வேடிக்கை என்னவென்றால், விமான டிக்கெட், ஹோட்டல் போன்ற பயணச் செலவுக்கு அந்த நாலு கிடையாது. பயணத்துக்காக எடுத்த அட்டையைப் பயணச்சீட்டு வாங்கத் தேய்த்தால் பலனில்லை! இது அந்த ஒரு அட்டையின் குறை அல்ல. நாலு மைல் தருகிற ஒவ்வொரு அட்டையிலும் ஒரு உச்சவரம்பும் ஒரு விலக்குப் பட்டியலும் இருக்கும். அவற்றைப் படிக்காமல் எடுக்காதீர்கள்.

விலக்குப் பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு கடைக்கும் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. மளிகைக் கடைக்கு 5411, உணவகத்துக்கு 5812, பயண முகவருக்கு 4722, மருத்துவமனைக்கு 8062. நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பதை வங்கி பார்ப்பதில்லை, இந்த எண்ணைத்தான் பார்க்கும். சிராங்கூன் சாலைப் பக்கம் முகவரிடம் போய் எஸ்ஐஏ டிக்கெட்டே எடுத்தாலும் வங்கியின் கண்ணில் அது 4722, விமான நிறுவனம் அல்ல. "விமான டிக்கெட்டுக்குக் கூடுதல் மைல்" என்ற வாக்குறுதி அங்கேயே காலி. முகவர் அட்டைக்கென்று தனியாகக் கொஞ்சம் கேட்டாரானால் இன்னும் மோசம். காப்புறுதிச் சந்தா, எஸ்பி மின்கட்டணம், மருத்துவமனைக் கட்டணம், பள்ளிக் கட்டணம், வருமான வரி, கோயில் நன்கொடை, கிராப்பே, யூட்ரிப் போன்ற மின்பைகளில் போடும் பணம் என்று குடும்பத்தின் கனமான செலவுகளில் பலவற்றுக்குப் பல அட்டைகளில் ஒரு மைல்கூடக் கிடையாது. கடைசியில் மிச்சம் இருப்பது சாப்பாடும் துணிமணியும்தான்.

சாப்பாட்டிலும் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. யூஓபி புள்ளிகளை ஐந்து ஐந்து வெள்ளியாகத்தான் எண்ணும். 4.80 வெள்ளிக்குச் சாப்பிட்டால் பூஜ்யம். 9.90 வெள்ளிக்குச் சாப்பிட்டால் ஐந்து வெள்ளிக்கு மட்டும் புள்ளி. காப்பிக்கடையில் தினமும் தட்டுகிறவர் மாதக் கடைசியில் புள்ளிக் கணக்கைப் பார்த்துத் தலையைச் சொறிவது இதனால்தான்.

அடுத்தது சென்னை தி.நகர் கடைவீதி. இதைச் சத்தம் போட்டே சொல்கிறேன்.

வெளிநாட்டுச் செலவுக்கு வெள்ளிக்கு 2.2 மைல் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். பாண்டி பஜாரிலோ உஸ்மான் சாலையிலோ கல்யாணச் சேலையும் நகையுமாக 2,000 வெள்ளி மதிப்புக்கு அட்டையைத் தேய்க்கிறீர்கள். சிங்கப்பூர் வங்கிகள் பலவும் வெளிநாட்டு நாணயத்துக்கு 3.25 விழுக்காடு கட்டணம் பிடிக்கின்றன. அது 65 வெள்ளி. கிடைத்த மைல் 4,400. மைலுக்கு 1.5 காசு என்று தாராளமாக மதிப்புப் போட்டாலும் 66 வெள்ளி. ஒரு வெள்ளி லாபம்! அதுவும் மூன்று வருஷத்துக்குள் அந்த மைலைப் பயன்படுத்தினால். நாணய மாற்றுக் கட்டணம் இல்லாத டிரஸ்ட் வங்கி அட்டையையோ யூட்ரிப்பையோ நீட்டியிருந்தால் 65 வெள்ளியும் அன்றைக்கே மிச்சம்.

இதைவிடப் பெரிய பொறி கல்லாவில் இருக்கும் இயந்திரத்தில் இருக்கிறது. உங்கள் அட்டை சிங்கப்பூர் அட்டை என்று தெரிந்ததும் திரையில் இரண்டு தொகை வரும். ஒன்று ரூபாயில், இன்னொன்று சிங்கப்பூர் வெள்ளியில். கடைப் பையன் பவ்யமாக, "சார், உங்க டாலர்லயே போட்டுரவா? ஈஸியா இருக்கும்" என்பான். தலையாட்டிவிடாதீர்கள். வெள்ளியில் போட்டால் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது உங்கள் வங்கியோ விசாவோ மாஸ்டர்கார்டோ அல்ல, அந்த இயந்திரத்துக்குப் பின்னால் இருப்பவர்கள். விகிதத்திலேயே அவர்களுடைய லாபத்தை ஏற்றிவிடுவார்கள். அதற்கு மேல் இங்கே பல வங்கிகள் ஒரு விழுக்காடு கட்டணம் பிடிக்கும். செலவு வெள்ளியில் பதிவாவதால் வெளிநாட்டுச் செலவுக்கான கூடுதல் மைலும் பறிபோகும். மூன்று பக்கமும் அடி. "ரூபாயிலேயே போடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, பொத்தானை அவன் அழுத்துவதற்கு முன் திரையை நீங்களே ஒருமுறை பாருங்கள். ரசீதில் எஸ்ஜிடி என்று வந்துவிட்டால் அங்கேயே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், பின்னால் வரிசை நின்றாலும் சரி.

ஊரில் ஏடிஎம்மில் கடன்பற்று அட்டையைச் செருகிப் பணம் எடுப்பது இதையும் மிஞ்சும். எடுக்கும் தொகையில் பெரும்பாலும் 8 விழுக்காடு கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி. 500 வெள்ளிக்கு 40 வெள்ளி அப்படியே போயிற்று, மைலும் வராது. வீட்டுக்குப் பணம் அனுப்ப 2023 பிப்ரவரியிலிருந்து பேநவ்–யூபிஐ இணைப்பு இருக்கும்போது இந்தத் தண்டம் எதற்கு?

வட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். நம் வங்கிகளின் கடன்பற்று அட்டை வட்டி ஆண்டுக்கு 27, 28 விழுக்காடு சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது. தீபாவளி, ஊர்ப் பயணம், பிள்ளைக்கு மடிக்கணினி எல்லாம் சேர்ந்து 3,000 வெள்ளி நிற்கிறது, ஒரு மாதம் தள்ளிவிட்டீர்கள் என்று வையுங்கள். அந்த ஒரு மாத வட்டி ஏறத்தாழ 69 வெள்ளி. அந்த 3,000 வெள்ளிக்குக் கிடைத்த 3,900 மைல், 1.5 காசு வீதம் 58 வெள்ளி சொச்சம். ஒரே மாதத்தில் மைல் முழுவதையும் வட்டி தின்றுவிட்டு மேலும் பதினோரு வெள்ளி கேட்கிறது. முழுத் தொகையைக் கட்டாவிட்டால் வட்டி கெடு நாளிலிருந்து அல்ல, செலவு பதிவான நாளிலிருந்தே ஓடும். குறைந்தபட்சத் தொகையையும் தவறவிட்டால் தாமதக் கட்டணம் 100 வெள்ளி. சிங்கப்பூர் நாணய ஆணையம் 2019 ஜூன் முதல், ஒருவர் எல்லா வங்கிகளிலும் சேர்த்து வாங்கும் பிணையில்லாக் கடனை மாத வருமானத்தின் 12 மடங்கோடு நிறுத்தி வைத்திருக்கிறது. அப்படி ஒரு வேலி போடவேண்டி வந்தது என்றால் எத்தனை பேர் உள்ளே விழுந்திருப்பார்கள் என்று யோசியுங்கள். மாதாமாதம் முழுத் தொகையைக் கட்ட முடியாதவருக்கு எந்த மைல் அட்டை நல்லது என்ற கேள்வியே எழக் கூடாது.

மைலைச் சேர்த்து வைத்துக்கொண்டு "பிறகு பார்ப்போம்" என்பவர்களும் உஷார். கிரிஸ்ஃபிளையர் மைலுக்கு ஆயுள் 36 மாதம். வங்கிப் புள்ளிகளின் ஆயுள் அட்டைக்கு அட்டை மாறும். சிலவற்றில் கெடு இல்லை, சிலவற்றில் ஒரு வருஷம்தான். புள்ளியை மைலாக மாற்ற ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் 25 வெள்ளியும் வரியும். இரண்டு மூன்று வங்கியில் சிதறி வைத்திருந்தால் இரண்டு மூன்று முறை. கணவரின் மைலும் மனைவியின் மைலும் ஒரே கணக்கில் சேராது. ஒருவர் மைலில் இன்னொருவருக்கு டிக்கெட் எடுக்கலாம், ஆனால் அவர் பெயரை முன்பே பதிந்து வைக்க வேண்டும், ஐந்து பேருக்குத்தான் இடம். இதற்கிடையில் டிக்கெட்டின் மைல் விலை ஏறும். 2019 ஏப்ரலில் ஏறியது, 2022 ஜூலையில் ஏறியது, 2025 நவம்பர் 1 முதல் மறுபடி ஏறியது. நேற்று வரை போதுமாக இருந்த மைல் இன்று போதாது. வங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி வரும். சேர்த்து வைத்த மைல் தேயத்தான் செய்யும்.

வருடாந்தரக் கட்டணம் இப்படிப்பட்ட மைல் அட்டைகள் பலவற்றில் 196.20 வெள்ளி. "கட்டினால் 10,000 மைல் தருகிறோம்" என்று ஆசை காட்டுவார்கள். அது மைலை 1.96 காசுக்கு விலைக்கு வாங்குவது. மேலே போட்ட கணக்கை மறுபடி பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஓய்வறைச் சலுகையும் இப்படித்தான். பல அட்டைகளில் வருஷத்துக்கு இரண்டே முறை, குடும்பத்துக்குப் போதாது. மனைவி மக்களை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய் நூடுல்ஸ் சாப்பிடும் துணிச்சல் யாருக்கு இருக்கிறது?

மோசடிக்காரர்களும் இந்த ஆசையை நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். "உங்கள் புள்ளிகள் இன்றிரவு காலாவதியாகின்றன, உடனே மாற்றுங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தால் அதிலிருக்கும் இணைப்பைத் தொடாதீர்கள். 2021 டிசம்பரில் ஓசிபிசி பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். அதற்குப் பிறகு வங்கிகள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் சொடுக்கும் இணைப்பு வைப்பதில்லை. இணைப்பு இருந்தாலே அது போலி என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் என்றால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம். வீட்டில் இருக்கும் அப்பா, அம்மாவிடமும் இந்த எண்ணைச் சொல்லி வையுங்கள். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமனாரையும் சேர்த்துத்தான்.

ஏற்கெனவே பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டவர்களுக்கு இரண்டு வேலை. அட்டையை ரத்து செய்வதானால் முதலில் புள்ளியை மைலாக மாற்றுங்கள், அது கிரிஸ்ஃபிளையர் கணக்கில் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு ரத்து செய்யுங்கள். ரத்து செய்த அட்டையோடு புள்ளியும் போய்விடும். பரிசைத் திருப்பிக் கேட்கும் காலக்கெடு முடிந்துவிட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்வதானால், கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி வங்கிச் செயலியில் கேளுங்கள், பலருக்குத் தருகிறார்கள். பிறகு ஜைரோ படிவத்தை எடுங்கள். அதில் இரண்டு கட்டம் இருக்கும்: முழுத் தொகை, குறைந்தபட்சத் தொகை. எதில் டிக் விழுந்திருக்கிறது என்று இன்றிரவே பாருங்கள்.